மின் மருந்துச்சீட்டு: மருந்துக்கடை மேசையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

தாலுகா ஊர் ஒன்றில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். முன்பெல்லாம் மடித்து மடித்துக் கிழிந்துபோன காகிதச் சீட்டை நீட்டுவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். “டாக்டர் அனுப்பிட்டார், பாருங்க” என்கிறார்கள். போனில் இருப்பது செல்லுமா, செல்லாதா என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருக்கிறது, பல கடைக்காரர்களுக்கும் இருக்கிறது. இந்திய அரசின் விதிகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன, எங்கே ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கின்றன என்பதை, என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கொண்டே எழுதியிருக்கிறேன்.

போனில் வரும் சீட்டெல்லாம் மின் மருந்துச்சீட்டுதானா?

இல்லை. மூன்று வகையை நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். டாக்டர் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் போட்டோ ஒரு வகை. அது காகிதச் சீட்டின் நகல்தான். கணினியிலோ செயலியிலோ டைப் செய்து பி.டி.எஃப். ஆக வருவது இரண்டாவது வகை. மூன்றாவதில் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் எல்லாம் தனித்தனித் தரவாக ஒரு பொதுக் கணினி அமைப்புக்குள் போய்ச் சேரும். கடைக்காரர் அங்கிருந்து அதை எடுத்து மருந்து கொடுத்துவிட்டு, கொடுத்ததையும் அங்கேயே பதிவு செய்வார்.

மின் மருந்துச்சீட்டுக் கொள்கை என்று மற்ற நாடுகளில் பேசுவது பெரும்பாலும் மூன்றாவது வகையைத்தான். நம் ஊரில் கைக்கு வருவது முதல் இரண்டு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல குழப்பங்கள் தாமாகவே தெளியும்.

சரி, இந்தியாவில் இது சட்டப்படி செல்லுமா?

செல்லும். ஆனால் “மின் மருந்துச்சீட்டுச் சட்டம்” என்று தனியாக ஒன்று கிடையாது. வேறு வேறு காலத்தில் வேறு வேறு துறைகள் போட்ட விதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடித்தளம் 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அதன் கீழ் 1945 இல் வந்த விதிகளும். சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் தம் வழக்கமான கையெழுத்தைப் போட்டுத் தேதியிட வேண்டும், நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் சாப்பிட வேண்டும் என்று குறிக்க வேண்டும் என்கிறது 65 ஆம் விதி. நம் நாட்டில் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் எழுதியது.

2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்கு மேல் வந்தது. எழுத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் கேட்டாலும் மின் ஆவணம் போதும் என்கிறது அதன் 4 ஆவது பிரிவு. கையெழுத்து கேட்டால் மின் கையொப்பம் போதும் என்கிறது 5 ஆவது பிரிவு. உயில் போன்ற சில ஆவணங்களை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. மருந்துச்சீட்டு அந்த விலக்குப் பட்டியலில் இல்லை.

2015 இல் இந்திய பார்மசி கவுன்சில் கொண்டுவந்த தொழில்நெறி விதிமுறைகள், எழுத்திலோ மின்வழியிலோ டாக்டர் தரும் அறிவுறுத்தல் என்றே மருந்துச்சீட்டுக்கு வரையறை சொல்கின்றன. கடைசியாக, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று, போனிலோ வீடியோவிலோ நோயாளிக்கு ஆலோசனை சொல்வது பற்றிய தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வந்தன. கையெழுத்திட்ட சீட்டின் போட்டோ, ஸ்கேன், டிஜிட்டல் நகல் அல்லது மின் சீட்டு, இவற்றில் எதையும் மின்னஞ்சலிலோ மெசேஜ் செயலியிலோ நோயாளிக்கு டாக்டர் அனுப்பலாம் என்று அப்போதுதான் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

டாக்டரின் கையெழுத்துப் படத்தை ஒட்டி அனுப்பினால் அது மின் கையொப்பம் ஆகுமா?

ஆகாது. கையெழுத்தின் படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பி.டி.எஃப். இலும் ஒட்டும் பழக்கம் நிறைய மருத்துவமனை மென்பொருள்களில் இருக்கிறது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டலாம். சட்டம் சொல்லும் மின் கையொப்பம் வேறு. அரசு உரிமம் பெற்ற சான்று நிறுவனம் தரும் டிஜிட்டல் சான்றிதழ் வழியாகவோ, ஆதார் ஓடிபி வழி இ-சைன் மூலமாகவோ போடுவது அது. அப்படிப் போட்ட பி.டி.எஃப். இல் ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். அச்செடுத்தால் அந்தச் சக்தி போய்விடும். அதனால் கோப்பாகவே அனுப்பச் சொல்வது நல்லது.

வாட்ஸ்அப் படத்தைக் காட்டினால் கடைக்காரர் மருந்து தந்தே ஆக வேண்டுமா?

தரலாம். ஆனால் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது. பதிவெண் இல்லை, தேதி இல்லை, படம் வெட்டப்பட்டு மேல்பாதி மட்டும் தெரிகிறது என்றால் நான் டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் தருவேன். அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு மருந்து ஆய்வாளர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

ஒரே சீட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் தரலாம் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தால் ஒழிய, எச், எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளை (சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதிகள் பட்டியலிட்டவை) ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் தர வேண்டும் என்பது 65 ஆம் விதி. அதைக் காப்பாற்ற 1945 இன் ஆட்கள் எளிமையான ஒரு வழி வைத்திருந்தார்கள். மருந்து கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் சீட்டிலேயே, டாக்டரின் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும். நாங்கள் போடும் சீல் அதுதான். அடுத்த கடைக்காரர் சீலைப் பார்த்தாலே இந்தச் சீட்டுக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று தெரிந்துகொள்வார்.

போனுக்குள் இருக்கும் சீட்டில் நான் எங்கே சீல் போடுவது?

ஒரு பி.டி.எஃப். ஐப் பத்துக் கடைக்கு அனுப்பலாம். பத்துக் கடையும் நல்லெண்ணத்தோடு மருந்து கொடுக்கலாம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விதியை மீறவில்லை என்றே ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். மொத்தத்தில் பத்து மடங்கு மருந்து ஒரே ஆள் கைக்குப் போயிருக்கும். ஆன்டிபயாடிக் என்றால் கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் சிக்கல். தூக்க மாத்திரை என்றால் உயிருக்கே சிக்கல்.

ஒரு முறை ஓர் இளைஞர் வலி மாத்திரைக்கான சீட்டைப் போனில் காட்டினார். தேதியில் சந்தேகம் வந்து டாக்டரிடம் கேட்டேன். அதே சீட்டைப் பற்றி அந்த வாரத்தில் கேட்ட மூன்றாவது கடைக்காரர் நான் என்று அவர் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் போன் செய்ததால் தெரிந்தது. போன் செய்யாமலே கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சீட்டை மின்வழியில் அனுப்பலாம் என்று அரசு அனுமதித்தது சரியான முடிவு. ஊரடங்கில் அது இல்லாமல் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள் தவித்திருப்பார்கள். ஆனால் அனுப்ப வழி செய்தவர்கள், “தீர்ந்தது” என்று குறிக்க வழி செய்யவில்லை. காகிதத்தில் இருந்த சீல் போய்விட்டது, அதன் இடத்தில் ஒன்றும் வரவில்லை. இப்போதைக்கு நான் செய்வது: போன் சீட்டை அச்செடுத்து, சீல் போட்டு, ஒரு பிரதியைக் கடையில் வைத்துக்கொள்கிறேன். என் கடைக்கு அது பாதுகாப்பு. பக்கத்துக் கடைக்கு அதனால் பயன் இல்லை.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இங்கிலாந்தில் டாக்டர் எழுதும் சீட்டு தேசிய சுகாதாரச் சேவையின் மையக் கணினிக்குப் போகிறது. அதற்கு ஸ்பைன் என்று பெயர், முதுகெலும்பு என்று பொருள். நோயாளி தனக்குப் பிடித்த கடையை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சொல்லி வைக்காதவர்களுக்கு பார்கோடு உள்ள தாள் கிடைக்கும், அதை எந்தக் கடையிலும் நீட்டலாம். ஒரு கடை அந்தச் சீட்டை எடுத்துவிட்டால் இன்னொரு கடை எடுக்க முடியாது. எங்கள் சீல் செய்யும் வேலையை அங்கே கணினி செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2020 மே மாதத்திலிருந்து குறுஞ்செய்தியில் ஒரு கியூஆர் குறியீடு வருகிறது. கடையில் அதை ஸ்கேன் செய்து மருந்து கொடுத்ததும் அது தீர்ந்துவிடும். இன்னும் ஒரு தடவை வாங்க அனுமதி இருந்தால் அதற்குப் புதுக் குறியீடு வரும். எஸ்டோனியா என்ற சின்ன நாடு 2010 ஜனவரியிலேயே நாடு முழுக்க மின் சீட்டுக்கு மாறியது. அங்கே அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2016 மார்ச் 27 முதல், சில விலக்குகள் தவிர, எல்லாச் சீட்டும் மின்வழியில்தான் என்று கட்டாயமாக்கியது. வலி மருந்துகள் தவறான கைக்குப் போவதைத் தடுப்பது அங்கே பெரிய காரணம்.

வீடியோ அழைப்பில் பார்க்கும் டாக்டர் எந்த மருந்தை வேண்டுமானாலும் எழுதலாமா?

எழுத முடியாது. 2020 வழிகாட்டுதல்கள் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். முதல் ஆலோசனை என்றால் ‘ஏ’ பட்டியல் மருந்துகளை வீடியோவில் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஏற்கெனவே நேரில் காட்டிய நோய்க்குத் தொடர் ஆலோசனை என்றால் ‘பி’ பட்டியலில் இருந்து கூடுதல் மருந்து சேர்க்கலாம். எக்ஸ் அட்டவணை மருந்துகளும் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவையும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மார்ஃபின், கெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் ஆகியவை அதற்கு உதாரணம்.

எக்ஸ் அட்டவணை மருந்துக்கு இரண்டு பிரதிச் சீட்டு வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது பழைய விதி. அதைப் போனில் காட்டிக் கேட்காதீர்கள். யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

எச்1 என்று பெட்டியில் சிவப்புக் கட்டம் இருக்கிறதே, அது என்ன?

2013 ஆகஸ்டில் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் அமலான பட்டியல் அது. தொடக்கத்தில் 46 மருந்துகள் அதில் இருந்தன. காசநோய் மருந்துகள், செஃபிக்சைம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், அல்பிரசோலம், டிரமடால் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் கொடுக்கும்போது டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் உங்கள் பெயரையும் டாக்டரின் விவரத்தையும் நச்சரித்துக் கேட்பது இதற்காகத்தான்.

டாக்டர் நேராக ஒரு கடைக்கே சீட்டை அனுப்பிவிட்டார். அங்கேதான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கடைக்கு நேராக அனுப்புவதென்றால் டாக்டர் உங்கள் வெளிப்படையான சம்மதத்தைப் பெற வேண்டும், உங்களுக்கு விருப்பமான எந்தக் கடையிலும் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு என்று வழிகாட்டுதலே சொல்கிறது. “எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்” என்று கேளுங்கள். சில செயலிகளில் ஆலோசனை முடிந்ததும் சீட்டு தானாகவே அந்த நிறுவனத்தின் மருந்து விற்பனைப் பக்கத்துக்குப் போய் நிற்கிறது. சீட்டு உங்களுடையது. அதைப் பதிவிறக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கும் போகலாம், மக்கள் மருந்தகத்துக்கும் போகலாம், முதல்வர் மருந்தகத்துக்கும் போகலாம்.

ஆன்லைனில் மருந்து விற்பது சட்டப்படி சரியா?

இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. இணையவழி மருந்து விற்பனைக்கு என்று மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 28 அன்று வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த வருட டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உரிமம் இல்லாத இணைய விற்பனைக்குத் தடை போட்டது. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில், தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகளை 2019 ஜனவரி 31 க்குள் அறிவிக்கச் சொல்லி, அதுவரை இணைய விற்பனை கூடாது என்று தனி நீதிபதி உத்தரவிட்டார். சில வாரங்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கெடு கடந்தும் வரைவு வரைவாகவே கிடந்தது.

நடுவில் 2020 மார்ச் 26 அன்று, கொரோனாவை முன்னிட்டு, உரிமம் உள்ள சில்லறைக் கடைகள் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. மின்னஞ்சலில் வரும் சீட்டையும் ஏற்கலாம். ஆனால் எச்1, எக்ஸ், போதை மருந்துகள் கூடாது. நீண்டகால நோய் என்றால் சீட்டு எழுதி 30 நாளுக்குள், திடீர் நோய் என்றால் 7 நாளுக்குள் காட்ட வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை.

இந்த 30 நாள், 7 நாள் கணக்கைச் சிலர் எல்லாச் சீட்டுக்குமான ஆயுள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டு டெலிவரிக்கான நிபந்தனை மட்டுமே அது. பொதுவான ஆயுட்காலம் எதையும் 65 ஆம் விதி சொல்லவில்லை. அதனால்தான் இரண்டு வருடப் பழைய சீட்டோடு வருகிறவர்களிடம் நாங்கள் வாதாட வேண்டியிருக்கிறது. இதற்கும் ஒரு தெளிவான விதி வேண்டும்.

டாக்டர்கள் டைப் செய்துதான் தர வேண்டும் என்று கட்டாயம் உண்டா?

நாடு முழுவதற்குமான கட்டாயம் இல்லை. மருந்தின் பொதுப்பெயரை (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016 இல் மருத்துவக் கவுன்சில் தன் நெறிமுறையைத் திருத்தியது. 2024 ஜனவரியில் ஒரிசா உயர் நீதிமன்றம் அந்த மாநில டாக்டர்கள் புரியும்படி எழுத வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. படிக்க முடிகிற மருந்துச்சீட்டு அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. கணினிச் சீட்டுக்கு மாற இரண்டு வருடம் கொடுத்து, அதுவரை பெரிய எழுத்துகளில் எழுதச் சொன்னது. அந்த வழக்கு மருந்து பற்றியதே இல்லை. ஜாமீன் மனு ஒன்றில் வந்த மருத்துவ அறிக்கையை நீதிபதியால் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை, அதிலிருந்து கிளம்பியது.

டைப் செய்துவிட்டால் பிழையே வராது, அப்படித்தானே?

கையெழுத்துப் பிழை போய்விடும், உண்மைதான். அதற்கு பதிலாக வேறு பிழைகள் வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கிறுக்கிய எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும், கேட்பேன். அழகாக அச்சடித்த சீட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டாக்டர் ‘மெட்’ என்று முதல் எழுத்துகளைத் தட்டுகிறார். கீழே ஒரு பட்டியல் விரிகிறது. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமிக்கு, மெட்டோபிரலால் இதயத்துக்கு. விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் போதும், தெளிவான, அச்சுப் பிசகாத, முற்றிலும் தவறான சீட்டு தயாராகிவிடும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். மென்பொருளில் ‘தினமும் 1’ என்பது தானாகவே நிரப்பப்பட்டிருந்தால், டாக்டர் அதை மாற்ற மறந்தால்? உலகம் முழுக்கப் பதிவான தவறு இது. அப்படி ஒரு சீட்டு என் மேசைக்கும் வந்திருக்கிறது. “வாரம் எந்தக் கிழமை சாப்பிடச் சொன்னார்?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் விழித்தார். டாக்டருக்குப் போன் போட்டதும் அவர் பதறிப்போய்த் திருத்தினார். மெத்தோட்ரெக்ஸேட்டுக்குத் தினசரி அளவு எழுத முயன்றால் மென்பொருள் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று ஒரு தரநிலை இருந்தால் இந்தத் தவறு கடைவரை வராது.

இன்னொன்று, பழைய சீட்டை அப்படியே நகலெடுப்பது. மூன்று மாதத்துக்கு முன் ஐந்து நாளுக்கு எழுதிய ஆன்டிபயாடிக் இன்னும் சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

டாக்டர் எழுதிய கம்பெனி மருந்து இல்லையென்றால் வேறு கம்பெனி மருந்து தரலாமா?

எச், எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்கு, சீட்டில் உள்ளதற்கு பதிலாக, அதே மூலக்கூறு உள்ள வேறு தயாரிப்பைக்கூடக் கடைக்காரர் தானாக மாற்றித் தரக் கூடாது என்கிறது 65 ஆம் விதி. சீட்டில் பொதுப்பெயர் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. தொலைமருத்துவ வழிகாட்டுதல் பொதுப்பெயரைப் பெரிய எழுத்தில் கேட்கிறது. ஆனாலும் நான் பார்க்கும் பி.டி.எஃப். களில் பாதிக்கு மேல் கம்பெனிப் பெயர்தான்.

அபா எண் இல்லாவிட்டால் மின் சீட்டு கிடைக்காதா?

கிடைக்கும். அபா என்பது 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தரும் 14 இலக்கச் சுகாதார எண். விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. இருந்தால், அந்த அமைப்பில் சேர்ந்த மருத்துவமனைகள் தரும் சீட்டுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், உங்கள் சம்மதத்தோடு இன்னொரு டாக்டருக்குக் காட்டலாம். டாக்டர்களுக்கான பதிவேடு, மருத்துவமனைகளுக்கான பதிவேடு, மருந்துச்சீட்டைத் தரவாக அனுப்பும் வடிவம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. “தீர்ந்தது” என்று குறிக்கும் மின் சீலை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சின்னக் கடைகளையும் செலவில்லாமல் அதில் இணைத்துவிட்டால் போதும்.

என் நோய் விவரம் வெளியே போய்விடாதா?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சீட்டைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். மனநல மருந்து, எச்ஐவி மருந்து, குழந்தைப்பேற்று மருந்து என்று ஒரு மாத்திரைப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவில் மின் சீட்டுகளைக் கையாண்ட மெடிசெக்யூர் நிறுவனத்திலிருந்து சுமார் 1 கோடியே 29 லட்சம் பேரின் தரவு திருடு போனது 2024 இல் வெளியே வந்தது. நல்ல சட்டம் உள்ள நாட்டிலேயே அது நடந்தது.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்து, படிப்படியாக அமலாகும்படி அமைந்திருக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சீட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு “யாராவது வாங்கி வாங்க” என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். கடைக்கு அனுப்பினால், மருந்து வாங்கியதும் அழிக்கச் சொல்லுங்கள். எச்1 மாதிரி பதிவேடு வைக்க வேண்டிய மருந்துகள் மட்டும் விதிவிலக்கு.

அரசின் இசஞ்சீவனியில் தரும் சீட்டு தனியார் கடையில் செல்லுமா?

செல்லும். 2019 நவம்பரில் சுகாதார நிலையங்களுக்காகத் தொடங்கி, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் சேவையாக விரிந்தது அது. ஆலோசனை முடிந்ததும் டாக்டரின் பெயர், பதிவெண்ணோடு மின் சீட்டு வரும். தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

காகிதச் சீட்டை யாரும் ஒழிக்கவில்லை, ஒழிக்கவும் கூடாது. மின் சீட்டு எழுதும் டாக்டரிடம் “ஒரு அச்சுப் பிரதி கொடுங்கள், கையெழுத்தும் போடுங்கள்” என்று கேட்கலாம். எங்கள் ஊரில் பல பெரியவர்களின் மாத்திரைச் சீட்டு பேரன் போனில் இருக்கிறது. பேரன் வேலைக்குப் போன ஊரில் போன் இருக்கிறது. பெரியவர் இங்கே காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கொள்கை எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை ஒரு முறை பார்க்க வேண்டும்.

சீட்டு ஏன் தமிழில் வருவதில்லை?

மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதில் தவறில்லை. எப்படிச் சாப்பிடுவது என்பதாவது தமிழில் வரலாம். 1-0-1 என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று நாங்கள் கவரில் எழுதித் தருகிறோம். கையால் எழுதும் டாக்டருக்குத் தமிழிலும் எழுதுவது கூடுதல் வேலை. கணினிக்கு அது வேலையே இல்லை. ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘வலி வந்தால் மட்டும்’, ‘வாரம் ஒரு முறை, ஞாயிறு’ என்று அதே சீட்டில் இரண்டாவது வரியாக அச்சடித்துவிடலாம். மின் சீட்டால் நோயாளிக்கு உடனே கிடைக்கக்கூடிய பெரிய நன்மை இதுதான். இதைக் கட்டாயமாக்கும் விதியை நான் மனதார வரவேற்பேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிய சீட்டைக் கொண்டு வரலாமா?

கூடாது. இத்தகைய தொழில்நுட்பம் டாக்டருக்கு உதவலாம், நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று 2020 வழிகாட்டுதல் சொல்லியிருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கே டாக்டரிடம் வாங்கிய மின் சீட்டை அனுப்பியிருக்கிறான். இங்கே மருந்து வாங்கலாமா?

இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டரின் சீட்டுக்குத்தான் எச் அட்டவணை மருந்துகளைத் தர முடியும். அந்தச் சீட்டை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் இங்கத்திய சீட்டாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே விற்கும் கம்பெனிப் பெயர் இங்கே இருக்காது, சில சமயம் அதே பெயரில் வேறு மருந்து இருக்கும். அதனாலும் இது நல்லது.

சீட்டு போனுக்கு வந்ததும் நான் என்ன பார்க்க வேண்டும்?

டாக்டர் இன்னும் அழைப்பில் இருக்கும்போதே திறந்து பாருங்கள். உங்கள் பெயரும் வயதும் சரியா என்று பாருங்கள். குடும்பத்தில் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதால் அம்மாவின் சீட்டு மகள் பெயரில் வருவது நடக்கிறது. தேதி, டாக்டரின் பதிவெண், கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பதிவெண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள், மொத்தம் எத்தனை மாத்திரை என்று இருக்க வேண்டும். இந்தக் கடைசி எண்ணிக்கையை நிறைய மென்பொருள்கள் விட்டுவிடுகின்றன, 1945 விதி கேட்டும்கூட. மாதாமாதம் வாங்க வேண்டிய மருந்து என்றால், எத்தனை மாதம் திரும்ப வாங்கலாம் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த மாதம் நான் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.